பருத்ததையும் தடுமாறுவதையும் ஆங்கிலத்தில் வர்ணிப்பது எப்படி?

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ எஸ்.பி.எம். எனும் பள்ளி இறுதித் தேர்வின் ஆங்கிலத் தாளுக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தும் எந்த ஆசிரியரைக் கேட்டாலும் ஒரே குறையைச் சொல்வார். கதையில் வரும் யானையும் ‘பிக்’, கொள்ளையனும் ‘பிக்’, பழைய லோரியும் ‘பிக்’, மாமாவின் வயிறும் ‘பிக்’. கொஞ்சம் மாற்றி எழுத வேண்டும் என்று தோன்றினால் யானை ‘வெரி பிக்’ ஆகிறது, மாமா ‘ஃபேட்’ ஆகிறார். இதே பிள்ளை வீட்டில் தமிழில் பேசும்போது வாட்டசாட்டமான ஆள், பூசினாற்போன்ற உடம்பு, வளர்ந்துகெட்டவன், தடிமாடு என்றெல்லாம் நுட்பமாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்தான். ஆகவே பார்வையில் பழுதில்லை. பார்த்ததை எந்த ஆங்கிலச் சொல்லில் ஏற்றுவது என்பதில்தான் சிக்கல்.

இதற்கு வழக்கமாகத் தரப்படும் மருந்து ஒரு சொற்பட்டியல். ஹல்க்கிங், லம்பரிங், பல்க்கி, அன்வீல்டி, அன்கெய்ன்லி என்று இருபது சொற்களை வரிசையாக எழுதி, எதிரே ‘பெரிய’, ‘பருமனான’, ‘விகாரமான’ என்று பொருள் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பட்டியலை மனப்பாடம் செய்த பிள்ளை மறுநாள் ‘ஹல்க்கிங் மெத்தை’ என்றும் ‘அன்வீல்டி போலீஸ்காரர்’ என்றும் எழுதி வந்து நிற்கும். பட்டியலில் ஒன்றுபோலத் தெரியும் இச்சொற்கள் வாக்கியத்துக்குள் ஒன்றின் இருக்கையில் மற்றொன்று உட்காராதவை என்பதுதான் காரணம்.

எழுதத் தொடங்கும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் பாதிச் சொற்கள் தாமாகவே விலகிவிடும். நீங்கள் வர்ணிக்கப்போகும் பெரிய ஆளோ பொருளோ நின்றுகொண்டிருக்கிறதா, நகர்ந்துகொண்டிருக்கிறதா, அல்லது அதை நீங்களே தூக்கித் திருப்பிச் சுமக்க வேண்டியிருக்கிறதா? இவ்வகை ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலானவை இம்மூன்றில் ஒன்றுக்கு மட்டுமே உரியவை. பாராட்டா, பழிப்பா என்ற கேள்வி இதற்கு அடுத்தது. அது மனிதர்களைப் பற்றி எழுதும்போது முதலிடத்துக்கு வந்துவிடும்.

நிற்பவை

நின்றுகொண்டிருக்கும் பெரிய பொருளுக்கு ஏற்ற சொல் எது என்பதை, அதைப் பார்த்து அண்ணாந்தோமா, ஒதுங்கினோமா என்பதுதான் முடிவு செய்கிறது. அண்ணாந்து பார்த்தால் ‘டவரிங்’. நின்று மரியாதையோடு பார்த்தால் ‘இம்போஸிங்’. பார்த்ததும் சற்றே அச்சமோ அருவருப்போ தோன்றினால் ‘ஹல்க்கிங்’. 1980களில் 65 மாடிகளோடு எழும்பிய பினாங்கின் கொம்தார் கோபுரத்தைத் தொலைவில் பாலத்திலிருந்து பார்த்து எழுதுபவர் ‘டவரிங்’ என்று எழுதலாம். அடிவாரத்தில் உள்ள அகன்ற வணிகத் தளங்களின் நிழலில் நின்று, பழைய கடைவீடுகளுக்கு நடுவே அது எப்படிப் பொருந்தாமல் நிற்கிறது என்று எழுதுபவருக்கு ‘ஹல்க்கிங்’ கைகொடுக்கும். கட்டடம் ஒன்றே, சொல் இரண்டு. எழுதுபவரின் தீர்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

‘ஹல்க்’ என்பது முதலில் கப்பலைக் குறித்த சொல். பிற்காலத்தில் பாய்மரமும் கயிறும் கழற்றப்பட்டு, துறைமுகத்தில் வெறும் கூடாகக் கிடக்கும் கிழட்டுக் கப்பலின் பெயராயிற்று. துறைமுக ஊர்க்காரர்களாகிய நமக்கு அந்தக் காட்சியை நினைவில் வைப்பது கடினமன்று. பெரிது, இருண்டது, அழகற்றது, வழியை அடைத்துக்கொண்டிருப்பது என்ற நான்கும் சேர்ந்தால்தான் ஹல்க்கிங் பொருந்தும். ஆளுக்குச் சொல்லும்போது ஆங்கிலேயர்கள் இதற்கு முன்னே ‘க்ரேட்’ சேர்ப்பது வழக்கம். ‘எ க்ரேட் ஹல்க்கிங் ஃபெலோ’ என்றால் அங்கே க்ரேட் என்பது மகத்துவத்தைக் குறிப்பதில்லை, பருமனைத்தான் அழுத்திச் சொல்கிறது.

பத்துமலையில் 2006ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 42.7 மீட்டர் முருகன் சிலைக்கு ஹல்க்கிங் என்று எழுதினால் அது மொழிப்பிழையோடு நிற்காது. அங்கே ‘கொலாஸல்’ மிகப் பொருத்தம். ரோட்ஸ் தீவில் நின்று, கி.மு. 226இல் நிலநடுக்கத்தில் வீழ்ந்த மாபெரும் சிலையின் பெயரிலிருந்து வந்த சொல் அது. சிலைக்குப் பிறந்த சொல் சிலைக்கே போகட்டும். ‘மாஸிவ்’ என்பதை நான் பரிந்துரைப்பதில்லை. இன்று விற்பனைத் தள்ளுபடி முதல் தலைவலி வரை எல்லாமே மாஸிவ் ஆகிவிட்டதால் அச்சொல்லில் எடையே மிஞ்சவில்லை.

தூக்க வேண்டியவை

நான் வகுப்பில் அதிக நேரம் செலவிடும் பகுதி இதுதான், ஏனென்றால் பல்க்கி, ஹெவி, ஹெஃப்டி, அன்வீல்டி, கம்பர்சம் ஆகிய ஐந்தையும் பிள்ளைகள் மட்டுமன்றி, கிடங்குகளிலும் கப்பல் சரக்கு அலுவலகங்களிலும் வேலை செய்து நாள்தோறும் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பும் பெரியவர்களும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஜார்ஜ் டவுன் பழைய கடைவீடு ஒன்றின் மேல்மாடிக்கு வீட்டுச் சாமான்களை ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஐந்தடி நடைபாதையைத் தாண்டி உள்ளே நுழைந்தால் ஏணிபோலச் செங்குத்தான மரப்படிக்கட்டு. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கைப்பிடி. பாதியில் ஒரு திருப்பம். முதலில் பத்துக் கிலோ அரிசி மூட்டை. அது ‘ஹெவி’, அவ்வளவே; தோளில் போட்டுக்கொண்டு ஒருவரே ஏறிவிடலாம். அடுத்து, புதிய குளிர்பதனப் பெட்டி வந்த காலி அட்டைப்பெட்டி. அதைச் சிறுவன்கூடத் தூக்குவான், ஆனால் படிக்கட்டின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். எடை இல்லாமல் இடத்தை மட்டும் பிடிப்பதால் அது ‘பல்க்கி’. பிறகு தேக்கு அலமாரி. பெரிதாகவும் கனமாகவும் இருப்பதோடு உறுதியாகவும் இருப்பதால் அதற்கு ‘ஹெஃப்டி’ பொருந்தும். இச்சொல்லில் ஒரு திடமும் கொஞ்சம் மதிப்பும் உண்டு. நாளிதழ்களில் ‘ஹெஃப்டி ஃபைன்’ என்று அபராதத்தைக் குறிப்பதும் இந்தப் பொருளின் நீட்சிதான்.

கடைசியாக மெத்தை. அலமாரியைவிட எடை குறைவு, ஆனால் தொல்லை அதிகம். கீழே பிடித்தவர் தள்ளினால் நடுவில் மடிகிறது. மேலே பிடித்தவர் இழுத்தால் முனை கைப்பிடியில் மாட்டிக்கொள்கிறது. திருப்பத்தில் நிமிர்த்தினால் விட்டத்தில் இடித்து, பிடித்திருப்பவரின் முகத்தின் மேலேயே சாய்கிறது. பிடிக்கு அடங்காமல், சொன்ன பக்கம் திரும்பாமல் இருக்கும் இந்தக் குணத்துக்குத்தான் ‘அன்வீல்டி’ என்று பெயர். ‘வீல்ட்’ என்றால் வாளையோ கருவியையோ கையிலெடுத்துச் சுழற்றி ஆளுதல். ஆள முடியாதது அன்வீல்டி. நீண்ட ஏணி, காற்றில் பிடித்த பெரிய பதாகை, மிக நீளமான துடைப்பம் ஆகிய எல்லாமும் அன்வீல்டி ஆகலாம். காலி அட்டைப்பெட்டி ஆகாது, அரிசி மூட்டையும் ஆகாது.

‘கம்பர்சம்’ சற்று வேறு. அது பொருளின் வடிவத்தைவிட, அதைச் சுமந்துகொண்டு ஒரு வேலையைச் செய்வதில் உள்ள இடைஞ்சலைச் சொல்வது. மழைக்கவசமும் கனத்த காலணியும் அணிந்துகொண்டு பினாங்கு மலை ஏறுபவருக்கு அந்த உடை கம்பர்சம். இச்சொல்லில் ஒரு முணுமுணுப்பு எப்போதும் ஒலிக்கும். அதனால்தான் தைப்பூசக் கட்டுரையில் காவடியைக் கம்பர்சம் என்று எழுத வேண்டாம் என்கிறேன். எடையைப் பொறுத்தவரை பொய்யில்லை. ஆனால் விரும்பிச் சுமப்பவரின் சுமையைப் பற்றி, சுமக்க விரும்பாதவரின் குரலில் பேசியதாகிவிடும். அந்த இடத்தில் ஹெவியும் டவரிங்கும் போதும்.

அலுவலகத்துக்கு வந்தால் அன்வீல்டி, கம்பர்சம் ஆகிய இரு சொற்களும் பொருளை விட்டுவிட்டு நடைமுறைகளைப் பிடித்துக்கொள்கின்றன. ஐந்து பாரங்களை நிரப்பி மூன்று முகப்பிடங்களில் முத்திரை வாங்க வேண்டிய விண்ணப்பம் ‘கம்பர்சம் ப்ரொசீஜர்’. நாற்பது பேர் உறுப்பினராக இருந்து, யாருக்கு முதலில் மாலை போடுவது என்பதிலேயே முதல் ஒரு மணி நேரம் கரையும் கோயில் விழாக் குழு ‘அன்வீல்டி கமிட்டி’. இவற்றை இடம் மாற்றினாலும் புரியும், ஆனால் கூர்மை போய்விடும். கோலாலம்பூரில் பழைய சோபாவையும் மெத்தையையும் வீச வேண்டியிருப்பவர்கள் மலாயில் ‘சீசா புக்கால்’ என்ற தொடரைப் பார்த்திருப்பார்கள். அதற்கு ஆங்கிலத்தில் நிலைபெற்றுவிட்ட தொடர் ‘பல்க்கி வேஸ்ட்’. அங்கே ஹெவி வேஸ்ட் என்று மாற்றி எழுதக் கூடாது. ‘இன் பல்க்’ என்பதற்கும் பல்க்கிக்கும் சம்பந்தமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: ஒரு பெட்டி நிறையத் தீப்பெட்டிகளை இன் பல்க் வாங்கலாம், தீப்பெட்டி பல்க்கி ஆகிவிடாது.

நகர்பவை

நகரும் பெரிய பொருளை வர்ணிக்க உரிச்சொல்லைத் தேடாதீர்கள், வினைச்சொல்லைத் தேடுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். ‘தி பிக் எலிஃபன்ட் வாக்ட் ஸ்லோலி’ என்ற வாக்கியத்தில் ஐந்து சொற்கள் சேர்ந்து செய்யும் வேலையை, ‘தி எலிஃபன்ட் லம்பர்ட்’ என்பதில் ‘லம்பர்’ என்ற வினை ஒன்றே செய்துவிடுகிறது. பெரிது என்பதும் மெதுவாக என்பதும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

எருமையும் யானையும் கனத்த சரக்கு லோரியும் லம்பர் செய்யும். சக்கரம் கடகடக்கத் தள்ளுவண்டி உருண்டு போனால் ‘ட்ரண்டில்’. நின்று கிளம்பும்போது பயணிகளை எல்லாம் முன்னும் பின்னும் தள்ளும் பேருந்து ‘லர்ச்’. காலைத் தரையோடு இழுத்து இழுத்துத் தளர்ந்து நடப்பவர் ‘ஷாம்பிள்’. வாத்துபோல இருபுறமும் சாய்ந்து நடந்தால் ‘வாடில்’. இதை நிறைமாதக் கர்ப்பிணிக்குப் பயன்படுத்துவதை ஆங்கில நாவல்களில் பார்க்கலாம், ஆனால் உங்கள் சொந்த அக்காளைப் பற்றிய கட்டுரையில் தவிர்ப்பது வீட்டு அமைதிக்கு நல்லது.

2023இல் புதிய படகுகள் வருவதற்கு முன், பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் இடையே ஓடிய பழைய இரட்டைத் தட்டு ஃபெர்ரிகளை நினைவுள்ளவர்களுக்கு ஒரு நல்ல பயிற்சி உண்டு. முன்னும் பின்னும் ஒரே மாதிரி, அகன்ற வயிறு, ஒரு தட்டில் காடிகள், இன்னொன்றில் மனிதர்கள். துறையில் கட்டியிருக்கும்போது அது ‘அன்கெய்ன்லி’, அதாவது அளவும் அமைப்பும் ஒன்றோடொன்று இசையாத உருவம். நடுக்கடலில் போகும்போது அது லம்பர் செய்தது என்றும் எழுதலாம், ‘ப்ளாட்’ செய்தது, அதாவது சலிக்காமல் அதே வேகத்தில் சென்றது என்றும் எழுதலாம். துறையை நெருங்கி வேகம் குறைந்து, பக்கவாட்டுக் கட்டைகளில் உராய்ந்து முனகிக்கொண்டே உள்ளே நுழையும்போது ‘நட்ஜ்’, ‘லர்ச்’, ‘க்ரோன்’ என்று வினைகள் வரிசையாக வரும். ஒரே படகு, பிக் என்ற சொல் ஒருமுறைகூடத் தேவைப்படவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். தமிழில் தேர் ஆடி அசைந்து வருகிறது என்றால் அதில் கம்பீரமும் அழகும் இருக்கின்றன. லம்பர் என்பதில் அசைவும் எடையும் உண்டு, அழகு இல்லை. 1894இல் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட நகரத்தாரின் வெள்ளி ரதம், தைப்பூசத்துக்கு முன்தினம் லெபோ பினாங்கிலிருந்து புறப்பட்டு, மாடுகள் பூட்டி, சாலை நிறையத் தேங்காய் உடைபட, தண்ணீர்மலை நோக்கிச் செல்வதை ஆங்கிலத்தில் எழுதும் மாணவர் ‘ஸ்டேட்லி’ என்ற சொல்லையும் ‘இன்ச்’ என்ற வினையையும் சேர்த்துப் பார்க்கட்டும். கூட்டத்தின் நடுவே அங்குலம் அங்குலமாக முன்னேறுவது கண்முன் வந்துவிடும். 2017 முதல் வரும் தங்க ரதத்துக்கும் இதுவே பொருந்தும்.

மனிதர்களைப் பற்றி எழுதும்போது

பொருளை எப்படி வர்ணித்தாலும் அது கோபித்துக்கொள்ளாது. மனிதர் விஷயத்தில் நமக்கு உள்ளூர் வழக்கமே ஒரு பொறி. பினாங்கில் ‘ஆ புய்’ என்று ஹொக்கியனில் அழைக்கப்படும் அங்காடிக்காரர் அந்தப் பெயருக்குச் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். நம் வீடுகளிலும் ‘குண்டு’ என்ற செல்லப்பெயரோடு பேரன் பேத்தி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பழக்கத்தில் ஆங்கிலக் கட்டுரையிலோ அலுவலகக் கடிதத்திலோ ‘ஃபேட்’ என்று எழுதினால், படிப்பவர் காதில் அது செல்லமாக விழாது, வசையாகத்தான் விழும்.

‘ஓவர்வெயிட்’, ‘ஒபீஸ்’ இரண்டும் மருத்துவச் சொற்கள். உயரத்துக்கேற்ற எடையைக் கணக்கிடும் பி.எம்.ஐ. அளவில் உலகச் சுகாதார நிறுவனம் 25 முதல் ஓவர்வெயிட் என்றும் 30 முதல் ஒபீஸ் என்றும் வகுத்திருக்கிறது. மலேசிய மருத்துவ வழிகாட்டுதலில் ஒபீஸ் எல்லை 27.5. சுகாதாரக் கட்டுரைக்கு இவை தேவை, கதாபாத்திரத்துக்குத் தேவையில்லை. கதையில் வரும் மாமாவை ஒபீஸ் என்று எழுதினால் அவருக்கு மருத்துவ அறிக்கை எழுதியதுபோல் ஆகிவிடும்.

கதைக்கு உகந்தவை வேறு. வாட்டசாட்டமான இளைஞர் என்றால் ‘ஸ்ட்ராப்பிங்’; அதில் ஆரோக்கியமும் உயரமும் சேர்ந்த பாராட்டு இருக்கிறது. சந்தையில் மீன்பெட்டி தூக்குபவரின் தோளும் புயமும் மனத்தில் நின்றால் ‘பர்லி’. குட்டையாக, கட்டுமஸ்தாக, இழுத்தாலும் அசையாத உடம்பென்றால் ‘ஸ்டாக்கி’. நடுவயதைத் தாண்டிய, தொந்தி சரிந்த, சட்டைப் பித்தான்கள் பாடுபடும் கனவானுக்கு ‘போர்ட்லி’. இதில் மெல்லிய நகைச்சுவையோடு மரியாதையும் உண்டு, ஆனால் ஆண்களுக்கு மட்டுமே பெரும்பாலும் சொல்வார்கள். பூசினாற்போன்ற உடம்புக்கு ‘ப்ளம்ப்’ மிக நெருங்கி வரும். குழந்தையின் கன்னத்துக்குச் ‘சப்பி’. ‘ஸ்டௌட்’ என்பது பழைய பாடநூல்களில் கண்ணியமான சொல். இன்று பெண்களைப் பற்றிச் சொன்னால் அவர்கள் விரும்புவதில்லை. காணாமற்போனவரைப் பற்றிய அறிவிப்புபோல நடுநிலையாக எழுத வேண்டிய இடத்தில் ‘ஹெவிலி பில்ட்’ என்று எழுதிவிடுங்கள்.

பருமன் இல்லாமல் உயரத்தால் மட்டும் தடுமாறுபவர்களுக்கு ஆங்கிலத்தில் தனிக் கூட்டம் உண்டு. ஒல்லி உயரம் ‘லேங்க்கி’. அதோடு கைகால்கள் எங்கே முடிகின்றன என்று அவருக்கே தெரியாததுபோல் ஆடினால் ‘கேங்க்ளிங்’. பதினைந்து வயதில் திடீரென்று வளர்ந்து, புதிய உடம்புக்குள் குடியேறத் தெரியாமல் கூச்சத்தோடு நிற்கும் பையனுக்கு ‘கோக்கி’. நம்மவர்கள் நெட்டைக்கொக்கு, ஒட்டடைக்குச்சி என்று இவர்களை எல்லாம் ஒரே குச்சியில் கட்டிவிடுகிறோம்.

‘ஓஃப்’, ‘லம்மக்ஸ்’ போன்ற பெயர்ச்சொற்கள் உடம்பைத் தாண்டி அறிவையும் பழிப்பவை. தடிமாடு என்று நாம் சொல்லும்போது இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம் அல்லவா, அதே கணக்கு. கதையில் ஒரு பாத்திரம் இன்னொன்றைத் திட்டும் உரையாடலில் இவை இருக்கலாம்; எழுதுபவரின் சொந்தக் குரலில் வரக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விடச் சிறந்த வழி, சுற்றியுள்ள பொருளையே அளவுகோலாக்குவது. உணவுக்கடைக்குள் ஒருவர் நுழைகிறார். வாசலில் தலையைத் தாழ்த்துகிறார். மேசைகளுக்கு இடையே பக்கவாட்டில் திரும்பி வருகிறார். அவர் முழங்கை பட்டுப் பக்கத்து மேசைத் தே தாரேக் குவளை சாய்கிறது. துடைக்கக் குனிந்தவரின் முதுகு பின்னாலிருக்கும் நாற்காலியைத் தள்ளுகிறது. ‘சாரி, சாரி’ என்று சொல்லிக்கொண்டே திரும்புகையில் சர்க்கரைப் புட்டி போகிறது. இங்கே பிக் இல்லை, ஃபேட் இல்லை, க்ளம்ஸிகூட இல்லை. ஆள் எவ்வளவு பெரியவர், எவ்வளவு நல்லவர் என்ற இரண்டும் தெரிந்துவிட்டன. இப்படி ஆங்கிலத்தில் எழுத ‘டக்’, ‘ஸ்க்வீஸ்’, ‘நாக் ஓவர்’, ‘பம்ப் இன்டு’ என்ற நான்கு எளிய வினைகள் போதும். நாற்காலி அவர் எடை தாங்காமல் முனகியது என்று மட்டும் எழுதாதீர்கள். திருத்துபவர்கள் அதை அளவுக்கு மேல் படித்துவிட்டார்கள்.

க்ளம்ஸியா, ஆக்வேர்டா

இவ்விரண்டையும் அகராதி ஒரே இடத்தில் வைத்தாலும் வேலை வேறு. க்ளம்ஸி கையையும் காலையும் சார்ந்தது. குளிரில் விரல்கள் விறைத்து மரத்துப்போவதைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. மரத்த விரலால் பித்தான் போட முயல்வதை நினைத்துக்கொண்டால் எங்கே பயன்படுத்துவது என்பது மறக்காது. கை தவறிப் பாத்திரத்தைப் போடுவது க்ளம்ஸி. ஆக்வேர்ட் என்பது இடத்தோடோ சூழலோடோ பொருந்தாமை. மலாயில் ‘கெக்கோக்’ என்று சொல்லும் இடங்களில் பெரும்பாலும் இது வரும். தெரியாதவர் வீட்டு விருந்தில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்பவர் ஆக்வேர்ட். எதுவுமே கீழே விழாமலும் ஒருவர் ஆக்வேர்டாக இருக்க முடியும்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் இவை இரண்டும் செல்லும். சமாதானம் செய்யப் போய்ப் புண்படுத்திவிட்டு வருவது ‘க்ளம்ஸி அபாலஜி’. மன்னிப்புக் கேட்டபின் இருவருக்கும் பேச எதுவுமில்லாத அந்த இடைவெளி ‘ஆக்வேர்ட் சைலன்ஸ்’. கனத்த சொற்களை அடுக்கி மெதுவாக நகரும் தலைமையுரைக்குப் ‘பாண்டரஸ்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அத்தகைய உரைகளுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை என்பதால் கற்றுவைப்பது பயன்தரும்.

தொடர்களில், வெண்கலக் கடைக்குள் யானை புகுந்தாற்போல என்று நாம் சொல்வதற்கு ஆங்கிலத்தில் பீங்கான் கடைக்குள் காளை. ‘எ புல் இன் எ சைனா ஷாப்’. நம் கடையில் சத்தம் அதிகம், அவர்கள் கடையில் சேதம் அதிகம். அதனால் ஆங்கிலத் தொடரை ஓசைக்குப் பயன்படுத்தாமல், நுட்பமாகக் கையாள வேண்டிய விவகாரத்தில் முரட்டுத்தனமாக நுழைபவருக்குப் பயன்படுத்துங்கள். பந்தைப் பிடிக்கத் தவறுபவர் ‘பட்டர்ஃபிங்கர்ஸ்’. ஊசியில் நூல் கோக்க முடியாதவர் ‘ஆல் தம்ஸ்’. நடனம் வராதவருக்கு ‘டூ லெஃப்ட் ஃபீட்’. அமெரிக்கப் படங்களில் கேட்கும் ‘க்ளட்ஸ்’ இட்டிஷ் மொழியிலிருந்து வந்தது, அடிப்பொருள் மரக்கட்டை. மலேசியப் பந்தாட்ட ரசிகர் நடுவரைக் ‘காயு’ என்று வைவதை நினைத்தால் உலகெங்கும் மரத்துக்கு ஒரே கெட்ட பெயர்தான் போலிருக்கிறது.

யானைகளும் பூதங்களும்

கதையும் சமயமும் தந்த சில பெயர்ச்சொற்களை நாளிதழ்களில் அடிக்கடி காணலாம். லண்டன் விலங்குக் காட்சியகத்திலிருந்து 1882இல் அமெரிக்க சர்க்கஸ்காரர் பார்னமுக்கு விற்கப்பட்டு, 1885இல் கனடாவில் ரயில் மோதி இறந்த ஆப்பிரிக்க யானையின் பெயர் ஜம்போ. அதன் பெயர் பின்னாளில் 1970இல் சேவைக்கு வந்த போயிங் 747க்கும், மலேசிய நாளிதழ்களில் அமைச்சர் எண்ணிக்கை கூடிய அமைச்சரவைக்கும் ஒட்டிக்கொண்டது. பைபிளில் யோபுவின் புத்தகத்தில் வரும் இரண்டு பெரும் உயிர்களில் ‘பெஹிமோத்’ இன்று பெருநிறுவனங்களுக்கும், ‘லெவையதன்’ பெருங்கப்பலுக்கும் பேரரசுக்கும் ஆகிவருகின்றன. ‘ஜகர்நாட்’ பூரி ஜகந்நாதரின் தேரிலிருந்து வந்ததுதான். ஆயினும் இன்றைய ஆங்கிலத்தில் அது வழியில் உள்ளதை நசுக்கிக்கொண்டு போகும், தடுக்க முடியாத சக்தி. தோல்வியே காணாத பந்தாட்ட அணிக்குச் சொல்லலாம், நம் ரதத்துக்குச் சொல்வதைத் தவிருங்கள். பிரிட்டனில் கனரக லோரியையும் இப்படி அழைப்பார்கள். இங்கே அதற்கு டிரெய்லர் என்றால்தான் யாருக்கும் புரியும்.

‘வைட் எலிஃபன்ட்’ அளவைக் குறிப்பதன்று. மலாய் நாளிதழ்கள் ‘கஜா புத்தே’ என்று எழுதும் அதே பொருள்தான்: கட்டிய செலவுக்கும் பராமரிக்கும் செலவுக்கும் ஈடான பயன் தராத திட்டம். பூட்டிக் கிடக்கும் சிறிய சந்தைக் கட்டடம்கூட வைட் எலிஃபன்ட் ஆகலாம். நாள்தோறும் நிரம்பி வழியும் பெரிய கட்டடம் ஆகாது.

எழுதி முடித்தபின்

மூன்று இலக்கணச் செய்திகளைச் சரிபார்க்க வேண்டும். அன்கெய்ன்லி, பர்லி, போர்ட்லி ஆகியவை ‘லி’ என்று முடிந்தாலும் வினையுரிச்சொற்கள் அல்ல. ‘ஹி வாக்ட் அன்கெய்ன்லி’ என்பது பிழை, ‘இன் அன் அன்கெய்ன்லி வே’ என்றோ ‘வித் அன் அன்கெய்ன்லி கெய்ட்’ என்றோ எழுத வேண்டும். க்ளம்ஸிக்கு மட்டும் ‘க்ளம்ஸிலி’ என்ற முறையான வடிவம் உண்டு. இரண்டாவதாக, கருத்தைச் சொல்லும் உரிச்சொல் முன்னே, அளவைச் சொல்வது பின்னே என்று இலக்கண நூல்கள் வரிசை வகுத்தாலும், பழக்கத்தில் ‘எ பிக் க்ளம்ஸி டாக்’ என்று பிக் முன்னால் வருவதே இயல்பாக ஒலிக்கிறது. காது சொல்வதைக் கேளுங்கள். மூன்றாவதாக, எஸ்.பி.எம். எழுத்துத் தாளின் மூன்றாம் பகுதிக்கு 200 முதல் 250 சொற்கள்தாம் இடம். அதில் ஹல்க்கிங்கும் லம்பரிங்கும் அன்கெய்ன்லியும் ஒன்றாக நுழைந்தால், மாணவர் சொல்லைக் காட்டவே கதை எழுதியிருக்கிறார் என்பது தெரிந்துவிடும். ஒரு பாத்திரத்துக்கு ஒரு சொல், அதுவும் அவர் முதன்முதலில் தோன்றும் இடத்தில் போதும்.

ஐயம் எழுந்தால் கேம்பிரிட்ஜ் அல்லது ஆக்ஸ்ஃபோர்டு வெளியிடும் கற்போர் அகராதியைப் பாருங்கள். பொருளுக்கு முன்னால் சாய்ந்த எழுத்தில் இருக்கும் சிறு குறிப்பைத்தான் முதலில் படிக்க வேண்டும். ‘இன்ஃபார்மல்’ என்றிருந்தால் கடிதத்தில் போடாதீர்கள். ‘டிஸ்அப்ரூவிங்’ என்றிருந்தால் உயிரோடு இருக்கும் எவருக்கும் போடாதீர்கள். ‘ஹியூமரஸ்’ என்றிருந்தால், அந்த நபரே படித்துவிட்டுச் சிரிப்பாரா என்று பார்த்துக்கொண்டு போடுங்கள்.